அறிவுத்தளத்துக்குக் குத்துவிளக்கு தேவையில்லை

கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழில் ஓர் அறிவுத்தளம் வேண்டும் என்ற பேச்சு இலக்கிய நண்பர்களிடையே மீண்டும் எழுந்திருக்கிறது. முதலில் லிப்ரெ ஆபிஸ் என்னும் அலுவலகச் செயலிக்கு, பிறகு மற்றவற்றுக்கு. மகிழ்ச்சிதான். ஆனால் நம் பார்வைக்கு வந்த திட்ட வரைவைப் படித்தபின் அந்த மகிழ்ச்சி அரைநாள்கூட நீடிக்கவில்லை. முதலில் அறிஞர் குழு. அக்குழு ஈராண்டில் உருவாக்கும் கலைச்சொல் அகராதி. அதன்பின் தொடக்க விழா. அதற்கும் பின்னரே கட்டுரைகள். மென்பொருளைப் பயன்படுத்துவோர் இவ்வரைவில் ஒரே ஓரிடத்தில் தலைகாட்டுகிறார்கள். அவர்கள் 'கருத்துத் தெரிவிக்கலாம்' என்று அங்கே பெருந்தன்மையுடன் அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

இத்திட்டம் தோற்கும் என்று நாம் சொல்லவில்லை. நம் அச்சம் வேறு. இது வெற்றிபெற்றாலும் யாருக்கும் பயன்படாது.

ஓவேலியிலிருந்து இதை எழுதுவதால் இங்குள்ள நிலைமையிலிருந்தே தொடங்குவோம். சில ஆண்டுகளுக்கு முன் எஸ்டேட் லயம் ஒன்றிலிருந்து கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த ஆய்வு மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். ஒருங்குறியில் தரவேண்டும் என்று கேட்கப்பட்டது. எழுத்துரு மாற்றியில் இட்டு மாற்றியபோது எழுத்துகள் வந்தன. அடிக்குறிப்புகள் அத்தனையும் உதிர்ந்துபோயின. "ஐயா, நூத்தி எண்பது அடிக்குறிப்பு. திரும்பவும் அடிக்கணுமா?" என்று அவர் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. முதுகலைத் தமிழ் படித்து, தொல்காப்பியத்தின் உரை வேறுபாடுகளை மணிக்கணக்காகப் பேசத் தெரிந்த நமக்கு அது தெரியவில்லை. கணினித் துறை மாணவர் ஒருவர் ஒரே மாலையில் வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். அவர் அதை எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கும்படி நாமும் சொல்லவில்லை. மறு ஆண்டு இன்னொரு மாணவர் அதே சிக்கலோடு வந்து நின்றார். வழி கண்டவரோ படிப்பு முடித்துப் போயிருந்தார்.

அறிவுத்தளம் என்பது இந்த ஒரு மாலையைக் காப்பாற்றிவைக்கும் இடம். அதற்கு அகராதியும் வேண்டாம், குத்துவிளக்கும் வேண்டாம்.

குழு அமைத்துப் பெரும்பணி செய்யும் மரபை நாம் இழிவுபடுத்தவில்லை. பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தது. பத்தாம் தொகுதி 1968இல். அது தமிழின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் அச்சேறிய பக்கம் தன்னைத் திருத்திக்கொள்ளாது. மென்பொருளோ ஆண்டுக்கு இருமுறை தன் பட்டியல்களை மாற்றிக்கொள்கிறது. நேற்று சரியாக இருந்த குறிப்பு இன்று பிழையாகிவிடும். அப்பிழையை முதலில் காண்பவர் எந்தக் குழு உறுப்பினரும் அல்லர். அன்றைக்கு அந்த வேலையைச் செய்ய உட்கார்ந்தவரே. அவர் கையில் திருத்தும் உரிமை இல்லையென்றால் பிழை அப்படியே கிடக்கும். வார்ட் கன்னிங்காம் 1995இல் முதல் விக்கியை உருவாக்கியதன் அடிப்படை இவ்வளவுதான். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இன்று ஒன்றரை இலட்சம் கட்டுரைகளைக் கடந்து நிற்பதும் இந்த உரிமையால்தான். அதில் பிழைகள் இல்லையா? உண்டு. திருத்தவும் முடிகிறது.

லிப்ரெ ஆபிஸின் வரலாறே இவ்வாதத்துக்குச் சான்று. 2000இல் சன் நிறுவனம் மூலநிரலைத் திறந்துவிட, ஓபன் ஆபிஸ் வளர்ந்தது. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பங்களிப்பாளர்களில் பெரும்பகுதியினர் வெளியேறி, அதே நிரலைக்கொண்டு லிப்ரெ ஆபிஸைத் தொடங்கினர். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. உழைத்தவர்கள் தம் உழைப்பை எடுத்துக்கொண்டு போக முடிந்தது. அப்படிப்பட்ட மென்பொருளுக்கு, உழைப்பவர்களுக்கு வாசற்படியில் மட்டும் இடம் தரும் ஒரு தளமா?

நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் வழிக்கடவு, நிலம்பூர். அங்கே கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினி கற்பிக்கின்றன. 2009இல் தொடங்கப்பட்ட அவர்களது பள்ளி விக்கியில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் பங்கேற்கின்றன. ஊர் வரலாற்றையும் பள்ளி வரலாற்றையும் ஆசிரியரும் மாணவரும் எழுதுகிறார்கள். மலைக்கு இப்பக்கம், 2011 முதல் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. நாம் அறிந்த மாணவர்களில் பலர் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. திறந்தவர்களுக்கு வழிகாட்டத் தமிழில் போதிய பக்கங்கள் இல்லை. அப்போது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? 'கம்ப்யூட்டர்' என்பதற்குக் கணினியா கணிப்பொறியா என்று கருத்தரங்கில் வாதாடிக்கொண்டிருந்தோம்.

கலைச்சொல் இல்லாமல் எப்படி எழுதுவது என்று கேட்பார்கள். ஓவேலியைப் பாருங்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் வாழும் பகுதி இது. கவ்வாத்து, பெரட்டு, செக்ரோல், கொழுந்து என்று தேயிலைத் தொழிலின் சொற்கள் அவர்கள் வாயில் விளைந்தவை. ஒன்று எங்கிருந்தோ வந்தது, ஒன்று ஆங்கிலத்திலிருந்து திரிந்தது, ஒன்று நல்ல தமிழ். எந்தக் குழுவும் அவற்றுக்கு ஒப்புதல் தரவில்லை. வேலை நடந்தது, சொல் நிலைத்தது. அறிவுத்தளத்திலும் ஒரு பொருளுக்கு மூன்று சொற்கள் வழங்கினால் மூன்றையும் போடுங்கள், தேடுபவருக்கு எதுவாயினும் கிடைக்கட்டும். ஐந்தாண்டில் வழக்கு தானே தேர்ந்தெடுக்கும். நன்னூலாரும் வழக்கைப் பார்த்தே இலக்கணம் செய்தார். இலக்கணம் செய்துவிட்டு வழக்குக்காகக் காத்திருக்கவில்லை.

ஆகவே திட்டமே வேண்டாம் என்கிறோமா? இல்லை. திட்டமிட வேண்டியவை வேறு.

முதலாவது, உரிமம். எழுதப்படும் ஒவ்வொரு வரியையும் எவரும் படியெடுக்கவும் மாற்றவும் பகிரவும் இடந்தரும் படைப்பாக்கப் பொதும உரிமம் முதல் நாளிலேயே அறிவிக்கப்பட வேண்டும். நடத்துபவர்கள் தடம் மாறினால், எழுதியவர்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடிய வேண்டும்.

இரண்டாவது, பெயர். உ.வே.சா. தம் பதிப்புகளின் முகவுரையில் ஏடு தந்தவர்களை ஊரோடும் பெயரோடும் குறித்தார். விக்கியின் வரலாற்றுப் பக்கம் அதே நாணயத்தைத்தான் செய்கிறது: யார், என்று, எந்த வரியை மாற்றினார் என்பது அங்கே நிற்கும். ஆலோசகர் பட்டியலை முகப்பில் போட்டு எழுதியவரை மறைக்கும் தளம் நம் மரபுக்கே எதிரானது.

மூன்றாவது, காப்புப்படி. ஜென்டூ லினக்சுக்கென்று ஆர்வலர்கள் நடத்திவந்த விக்கி 2008இல் தன் தரவுத்தளத்தை இழந்தது. உரிய காப்புப்படி இல்லை. பல ஆண்டுகளாகப் பலர் எழுதியவை ஒரே நாளில் போயின. வழங்கியின் திறவுகோல் ஒருவர் கையில் மட்டும் இருக்கலாகாது. மாதந்தோறும் முழுப்படி பொதுவில் வைக்கப்பட வேண்டும்.

நான்காவது, இணையமின்றியும் படிக்கும் வசதி. ஓவேலியில் ஜன்மம் நிலச் சிக்கலால் மின்னிணைப்புக்கே பல்லாண்டுகள் காத்திருந்த வீடுகள் உண்டு. மழைக்காலத்தில் அலைபேசிக் கோபுரமும் படுத்துவிடும். கிவிக்ஸ் போன்ற மென்பொருள் ஒரு விக்கி முழுவதையும் ஒரே கோப்பாக்கித் தருகிறது. பென்டிரைவில் லயத்துக்குப் போகலாம். சென்னையின் வேகத்தை மனத்தில் வைத்துத் தளம் அமைப்பவர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இயந்திர மொழிபெயர்ப்பும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டன, இனி யார் எழுத வேண்டும் என்ற குரலும் கேட்கிறது. அவ்வியந்திரங்கள் மனிதர் எழுதியதைத் தின்றே பேசுகின்றன. தமிழில் எழுதப்படாத ஒன்றை அவை ஆங்கிலத்திலிருந்து ஊகித்துச் சொல்கின்றன. இல்லாத பட்டியலில் இல்லாத பொத்தானை அழுத்தச் சொல்கின்றன. பாமினியிலிருந்து மாற்றும்போது அடிக்குறிப்பு உதிரும் துன்பம் நமக்கு மட்டுமே உரியது. அதை நாமன்றி வேறு எவர் எழுதுவார்?

கடைசியாக நம்மைப் பற்றி. இது பொறியாளர் வேலை என்று சிற்றிதழ் வாசகர் ஒதுங்குவது சோம்பலின் நாகரிகப் பெயர். நிரல் எழுதப் பொறியாளர் போதும். ஒரு செயலை, அறியாதவருக்கு, குழப்பமின்றி, வரிசைப்படி சொல்வதற்கு உரைநடை அறிந்தவர் வேண்டும். உரைநடை நம் தொழில் என்றுதானே சொல்லிக்கொள்கிறோம்? 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டம் கட்டற்ற மென்பொருளான மீடியாவிக்கியின் மேல்தான் நிற்கிறது. இங்குள்ள குடும்பங்கள் விட்டுவந்த மலையகத்தின் நூல்களையும் இதழ்களையும் இன்று நாம் அதில்தான் தேடிப் படிக்கிறோம். அக்கருவிகளால் இவ்வளவு பெற்றுக்கொண்டபின், அவற்றைக் கையாளும் முறையைத் தமிழில் ஒரு பக்கம் எழுதுவது உதவியன்று, கடன்.

வரைவைத் தயாரித்தவர்களுக்கு நம் வேண்டுகோள் எளியது. குழுவைக் கலைத்துவிடுங்கள். தளத்தை வெறுமையாகவே நாளைக்குத் திறந்துவையுங்கள். முதல் பக்கத்தை நாம் எழுதுகிறோம்: பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு அடிக்குறிப்பு உதிராமல் மாறுவது எப்படி. அதில் பிழையிருந்தால் அந்த மாணவி வந்து திருத்தட்டும்.