பி.ஆர். வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் பேசிவிட்டு அனுப்புங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளையை மாணவர் விசாவில் அனுப்பிவிட்டு இருப்பவர்களும், அனுப்ப யோசிப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள். சிலருக்கு என்னில் கோபம் வரும். பரவாயில்லை.

ஏ/எல் பெறுபேறு வந்தால் முன்பெல்லாம் பிள்ளைகள் எங்களிடம் எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்று கேட்பார்கள். இப்போது பெற்றோரே வந்து கேட்கிறார்கள்: "சேர், கனடாவுக்கு என்ன கோர்ஸ் போட்டால் கெதியாப் பி.ஆர். வரும்?" கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றிலும் இதே கேள்விதான். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசமும் இல்லை.

என் கருத்து இதுதான். மாணவர் விசாவுக்குக் கட்டும் பணத்தை நாங்கள் பி.ஆருக்குக் கொடுக்கும் முற்பணம் போல நினைக்கிறோம். அது முற்பணம் அல்ல. படிக்க வந்து போகலாம் என்ற அனுமதி மட்டுமே. ஆகவே பி.ஆர். கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதை, பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்னரே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். எங்கள் வீடுகளில் இந்தப் பேச்சு மட்டும் நடப்பதேயில்லை.

கனடாவை எடுத்துக்கொள்வோம். படிப்பு முடிந்ததும் வேலை அனுமதி கிடைக்கலாம். கூடியது மூன்று வருடம், அதுவும் ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான். அந்தக் காலத்துக்குள் குறைந்தது ஒரு வருடம் தகைமையுள்ள வேலை செய்திருந்தால்தான் அனுபவப் பிரிவில் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குப் போகலாம். படிக்கும்போது செய்த பகுதிநேர வேலை அந்த ஒரு வருடத்தில் சேராது. கடையில் காசாளராக நின்றதும் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றியதும் சேராது. அதன் பிறகு வயது, படிப்பு, மொழி, அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, கூடிய புள்ளி உள்ளவர்களைக் கூப்பிடுவார்கள்.

இங்கேதான் பெற்றோருக்கு ஒரு விசயம் விளங்குவதில்லை. 2022இல் நாங்கள் பெற்றோலுக்கு நின்றது வரிசை. இரண்டு நாள் நின்றவன் ஒரு நாள் நின்றவனுக்கு முன்னால் இருப்பான். பி.ஆர். அப்படியல்ல. அங்கே காத்திருப்பதால் யாரும் முன்னுக்குப் போவதில்லை. 30 வயது தொட்டதும் வயதுக்கான புள்ளி வருடத்துக்கு வருடம் குறையத் தொடங்கும். "இன்னும் ஒரு வருசம் பொறு மகன், வந்திடும்" என்று நாங்கள் இங்கிருந்து சொல்லும் அந்த ஒரு வருடத்தில், அவனுடைய இடம் பின்னுக்குப் போகவும் கூடும்.

சட்டங்களும் நடுவழியில் மாறுகின்றன. 2022இல் போன பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்த நவம்பரிலிருந்து மாணவர்கள் எத்தனை மணி நேரமும் வெளியே வேலை செய்யலாம் என்று விட்டார்கள். 2024 ஏப்ரலோடு அது முடிந்தது. இப்போது வாரத்துக்கு 24 மணி நேரம். 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்ச வரம்பு வந்தது. அதே ஒக்டோபரில், 2025க்கான பி.ஆர். எண்ணிக்கையை 5 இலட்சத்திலிருந்து 3 இலட்சத்து 95 ஆயிரமாகக் குறைத்தார்கள். வேலைக் கடிதத்துக்குக் கிடைத்த புள்ளிகளை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்துக்காகவே சம்பளம் குறைந்த இடங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த பிள்ளைகள் எத்தனை பேர்!

லண்டன் மட்டும் என்ன? வேலை விசாவுக்கான பொதுவான சம்பள எல்லை 2024 ஏப்ரலில் 26,200 பவுணிலிருந்து 38,700 ஆனது. அடுத்த வருடம் ஜூலையில் 41,700. படித்த பின் தங்கும் இரண்டு வருடத்தை, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறார்கள். வேலை போய், நிறுவனம் அனுசரணையை விலக்கினால், பொதுவாக 60 நாளுக்குள் வேறு இடம் தேட வேண்டும். இந்தப் பயத்தோடு வேலை செய்பவன் முதலாளியிடம் எதைக் கேட்க முடியும்? ஓவர்டைம் காசையாவது வாய் திறந்து கேட்பானா?

அந்த நாடுகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது அவர்களுடைய நாடு, அவர்களுடைய சட்டம். அவர்கள் எப்போதும் மாற்றலாம் என்பதை அறிந்துகொண்டு நாங்கள் கணக்குப் போட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்கு என்றால் இதையும் பாருங்கள். படிப்புக் கட்டணமும் ரிக்கெற்றும் தவிர, வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 2025 செப்டெம்பரிலிருந்து கனடா காட்டச் சொல்வது 22,895 டொலர். எங்கள் காசில் ஏறத்தாழ 50 இலட்சம். வன்னியில் ஒரு குடும்பத்திடம் அவ்வளவு காசு எங்கே இருக்கிறது? வயலில், நகையில், வட்டிக் கடனில். 2022இல் ரூபா விழுந்தபோது, அடுத்த தவணைக் கட்டணம் எங்கள் காசில் இரண்டு மடங்குக்குக் கிட்டப் போனதைக் கண்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன.

"தற்காலிகம்" என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எங்கள் பெரியவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில் போட்டார்கள். அங்கே கல் வீடு கட்ட உலக வங்கியின் திட்டம் வந்தது 2007இல். அதற்கிடையில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. 2009இல் மெனிக் பாமுக்குள் இருந்த தமிழ் உறவுகளுக்கும் இது தெரியும். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதே 2012இல் படகேறி அவுஸ்திரேலியா போனவர்களில் பலர் பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவில் இருந்தார்கள். 2023 பெப்ரவரியில் ஒரு பகுதியினருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. மற்றவர்களுக்கு அப்போதும் திறக்கவில்லை.

இவற்றிலிருந்து நான் படித்துக்கொண்டது, காத்திருக்கும் காலமும் வாழ்க்கைதான் என்பதை. பி.ஆர். வரட்டும் என்று கலியாணத்தைத் தள்ளிவைக்கிறார்கள், மேற்படிப்பைத் தள்ளிவைக்கிறார்கள். உம்மாவின் மையத்துக்கு வரவில்லை, அப்பாவின் கொள்ளிக்கு வரவில்லை. பின்னர் பி.ஆர். வந்தாலும் அவை திரும்பி வரப்போவதில்லை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை விசா முடிந்து நாடு திரும்பினான். நேரே ஊருக்கு வரவில்லை. மூன்று மாதம் வெள்ளவத்தையில் நண்பனின் அறையில் இருந்தான். ஊருக்கு வந்த பிறகும், தாய் அயலாரிடம் "லீவில வந்திருக்கிறான்" என்றுதான் சொன்னார். அவன் திருடவில்லை, பொய் சொல்லவில்லை. ஒழுங்காகப் படித்தான், வேலை செய்தான், வரி கட்டினான், சட்டப்படி திரும்பி வந்தான். எதற்காக ஒளிய வேண்டும்? ஒளிய வைத்தது அங்கத்தைய குடிவரவுத் திணைக்களம் இல்லை. நாங்கள்தான்.

"இங்க இருந்து என்னத்தைச் செய்யிறது சேர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. போனவர்களின் உழைப்பில்தான் எங்கள் பல வீடுகளின் கூரை நிற்கிறது. ஆனால் போவதற்கு முன் நான்கு விசயம் செய்யுங்கள்.

ஒன்று. பி.ஆர். என்ற ஒன்றே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்தக் கற்கைநெறியைப் பாருங்கள். அப்போதும் படிக்கத் தகுந்ததா? இல்லையென்றால் விடுங்கள். வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. முதலில் அவற்றையும் ஒருக்கால் விசாரியுங்கள்.

இரண்டு. பி.ஆர். வந்தால் மட்டுமே கட்டி முடிக்கக்கூடிய கடனை வாங்காதீர்கள். குடியிருக்கும் காணியில் கை வைக்காதீர்கள்.

மூன்று. "பி.ஆர். உறுதி" என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அதை உறுதியாகச் சொல்லக்கூடிய ஏஜென்ட் உலகத்தில் இல்லை. கனடா விண்ணப்பத்துக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்ல அந்த நாட்டில் பதிவு பெற்றவர்களுக்கே அனுமதி. பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். விதிகளை அந்த அரசின் இணையத்தளத்தில் பிள்ளையே வாசிக்கட்டும். அதை வாசித்து விளங்க முடியாவிட்டால் அங்கே பாடம் எப்படி விளங்கும்?

நான்கு. ஒரு திகதி வையுங்கள். "இத்தனை வயது வரை, அல்லது இந்த அனுமதி முடியும் வரை முயற்சி செய். சரிவராவிட்டால் வா. வீடு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம்." இதை வாய் திறந்து சொல்லி அனுப்புங்கள். சொல்லாவிட்டாலும் பிள்ளைக்கு விளங்கும் என்று நினைக்காதீர்கள். விளங்குவதில்லை. விளங்கியிருந்தால் சிலர் விசா முடிந்த பின்னும் அங்கே ஒளிந்து வாழ மாட்டார்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்களும் இன்று இரவு வட்ஸ்அப்பில் பேசும்போது இந்த நான்காவதைச் சொல்லலாம். அதற்குக் காசு செலவில்லை.

காத்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்ல முடிவு கிடைக்க துஆச் செய்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம். அங்கேயிருந்து வாசிக்கும் என் பழைய மாணவர்களும் எழுதுங்கள். உங்கள் அனுபவம்தான் அடுத்துப் போகவிருப்பவர்களுக்குப் பாடம்.