களஞ்சியத்தில் அடங்காத விதை

மெக்சிக்கோ முதல் பனாமா வரை, முகில் தவழும் மலைக்காடுகளில் ஓர் அரிய கருவாலி மரம் உண்டு. ‘குவேர்க்கசு இன்சிக்னிசு’ என 1843 இல் தாவரநூலார் பெயரிட்ட ஓக் இனம் இது. அதன் கொட்டை உள்ளங்கையை நிறைக்கும்; ஓக் கொட்டைகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று.

கோப்பிக்கும் மாட்டு மேய்ச்சலுக்குமாகக் காடு அழிய, மரமும் அருகிவிட்டது. விதையைக் குளிரறையில் காத்தால் போதாதோ என்பார் உளர். நெல்லுக்கு அது சரி. இக்கொட்டையோ உலர்ந்தால் மடியும். ஈரத்தில் வைத்தாலோ முளைத்துவிடும், அன்றேல் அழுகும். நிற்கும் காடே அதன் களஞ்சியம். பூங்காக்களில் கன்று வளர்ப்போரின் உழைப்பு பெரிது. ஆனால் பூங்காவுக்குள் மலைமுகிலைக் கொணர முடியுமா? நிழலில் வளரும் கோப்பிக்கு வேற்று மரம் நடுவானேன்? எஞ்சிய கருவாலியை வெட்டாது விட்டால், அதுவே நிழல் தருமே!