பின் டெக்குக்கு நாலு ராடு போதும்: பாஸ் டோர்னமென்ட் போறவங்களுக்கு ஒரு சிஏவின் கணக்கு

இன்னைக்கு எஸ்ஐபியும் இல்லை, டேர்ம் இன்சூரன்ஸும் இல்லை. மீன் பிடிக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கிற நம்ம வாசகர்கள் சிலர் வார இறுதியில் பாஸ் ஃபிஷிங் பழகி, இப்போ டோர்னமென்ட்டில் கோ-ஆங்லரா பேர் கொடுக்கிற அளவுக்கு வந்துட்டாங்க. (பாஸ்னா ஆபீஸ் பாஸ் இல்லைங்க. ஏரியில் கிடைக்கிற லார்ஜ்மவுத் பாஸ்.) அதில் டெக்ஸாஸ் நண்பர் ஒருத்தர் தன் ஷாப்பிங் கார்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "ப்ரோ, இது ஓகேவா?"ன்னு கேட்டார். எட்டு ராடு, எட்டு ரீல். ஒரு ஜோடி சராசரியா 600 டாலர். மொத்தம் 4,800 டாலர், கிரெடிட் கார்டில்.

ஓகே இல்லை. ஏன்னு சொல்றேன். வட்டியை அப்புறம் பார்ப்போம், முதல்ல படகைப் பார்ப்போம். அங்க உங்க இடம் எதுன்னு புரிஞ்சாலே பாதி கார்ட் காலியாகிடும்.

1967-ல் ரே ஸ்காட் ஆர்கன்சாஸ் பீவர் லேக்கில் நடத்திய போட்டியிலிருந்துதான் இந்த நவீன டோர்னமென்ட் கலாசாரம் வளர்ந்தது. இன்னைக்கு எம்எல்எஃப் நடத்துற பிஎஃப்எல் மாதிரி போட்டிகளில் படகுக்காரர் ஒருத்தர், கோ-ஆங்லர் ஒருத்தர்னு ஜோடி சேர்த்து அனுப்புறாங்க. படகு அவரோடது. எந்த இடத்துக்குப் போகணும், எவ்வளவு வேகமா நகரணும், எப்போ கிளம்பணும், எல்லாம் அவர் முடிவு. முன் டெக்கில் நின்னு ட்ரோலிங் மோட்டாரை ஓட்டுறதும் அவர்தான். நீங்க பின் டெக்கில் நிக்கிறீங்க. அவர் தூண்டில் போட்டு முடிச்ச தண்ணியில்தான் பெரும்பாலும் உங்க தூண்டில் விழும். சோனார் திரைகூட அவர் காலடியில் இருக்கும், உங்க கண்ணுக்குத் தெரியாது. இதுக்கெல்லாம் சேர்த்துத்தான் உங்க என்ட்ரி ஃபீஸ் அவரோடதைவிடக் குறைவு.

ஆனா யூடியூபில் "டோர்னமென்ட்டுக்குத் தேவையான பத்து ராடு"ன்னு வர்ற வீடியோவில் பேசுறவர் யாருன்னு பாருங்க. பெரும்பாலும் படகுக்காரர். அவருக்குத் தன் படகில் லாக்கர் இருக்கு, இடத்தைத் தேர்ந்தெடுக்கிற உரிமை இருக்கு. டிஸ்க்ரிப்ஷனில் அஃபிலியேட் லிங்க்கும் இருக்கும். தப்புன்னு சொல்லலை, நானும் சேனல் நடத்துறவன்தான். அவர் லிஸ்ட் அவர் வேலைக்கானது, உங்க வேலை வேற. அவ்வளவுதான்.

அப்போ பின் டெக்குக்கு என்ன வேணும்?

முதல்ல ஸ்பின்னிங் செட். என் கருத்தில் கோ-ஆங்லருக்கு சோறு போடுறது இதுதான். முன்னாடி போறவர் பெரிய லூரை வேகமா இழுத்துட்டுப் போயிருப்பார். அதைக் கடிக்காம விட்ட மீனுக்கு நீங்க சின்னதா, மெதுவா ஒண்ணு காட்டணும். ட்ராப் ஷாட், நெட் ரிக், வாக்கி ரிக் எல்லாம் அந்த வகை. 7 அடி, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராடு. 2500 அல்லது 3000 சைஸ் ரீல். 10 பவுண்ட் பின்னல் நரம்பு, முனையில் 8 பவுண்ட் ஃப்ளோரோகார்பன் லீடர். டேபிள் ராக் மாதிரி தெளிந்த தண்ணி ஏரின்னா இது ஒண்ணை வச்சே பாதி நாள் ஓடிடும்.

ரெண்டாவதா வாங்க வேண்டியது? இன்னொரு ஸ்பின்னிங், அச்சு அசல் அதே செட். சிரிக்காதீங்க. நரம்பு அறுந்தா படகு உங்களுக்காக நிக்காது. நீங்க குனிஞ்சு லீடர் முடிச்சுப் போட்டு நிமிர்றதுக்குள்ள நல்ல மரக்கட்டை ரெண்டு கடந்து போயிருக்கும். ஒண்ணில் ட்ராப் ஷாட், இன்னொண்ணில் வாக்கி ரிக்னு முன்கூட்டியே கட்டி வச்சா, ஒண்ணு அறுந்தாலும் அடுத்ததை எடுத்துப் போட்டுக்கிட்டே இருக்கலாம். பிராண்டு மாத்தி மாத்தி வாங்குறவங்களுக்கு இந்த வசதி கிடையாது. ஒரே மாதிரி ரீல்னா கை பழக்கமும் மாறாது.

மூணாவது, பெய்ட்காஸ்டர். 7 அடி அல்லது 7 அடி 1 இன்ச், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். 15 பவுண்ட் ஃப்ளோரோகார்பன். டெக்ஸாஸ் ரிக், ஜிக், ஸ்பின்னர்பெய்ட் மூணையும் இது சமாளிக்கும். கியர் ரேஷியோ 7-க்கு 1 பக்கத்தில் எடுங்க. படகு நகர நகர உங்க நரம்பில் தொய்வு விழும், அதை அள்ளி எடுக்கிற வேகம் ரீலுக்கு வேணும். வேகமான ரீலை மெதுவா சுத்தலாம். மெதுவான ரீலை வேகமா சுத்தினா கைதான் வலிக்கும்.

நாலாவது, மூணு முள் கொக்கி வச்ச க்ராங்க்பெய்ட்டுக்கும் டாப்வாட்டருக்கும் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கிற மீடியம் பவர், மாடரேட் ஆக்‌ஷன் ராடு. ராடு விறைப்பா இருந்தா அந்தச் சின்ன கொக்கி மீன் வாயிலிருந்து பிடுங்கிக்கும். இதுக்கு 12 பவுண்ட் மோனோ போட்டா ரெண்டு வேலைக்கும் ஆகும். ஃப்ளோரோகார்பன் மூழ்கும், அதை டாப்வாட்டருக்குப் போட்டா லூரோட மூக்கை தண்ணிக்குள்ள இழுத்துடும்.

அஞ்சாவது ஒண்ணு இருக்கு, ஆனா ஏரியைப் பார்த்துத்தான். அலபாமா கன்டர்ஸ்வில் மாதிரி தண்ணிச்செடி அடர்ந்த ஏரின்னா 7 அடி 3 இன்ச் ஹெவி ராடு, 50 பவுண்ட் பின்னல் நரம்பு, தவளை லூர். நீங்க போற ஏரியில் செடியே இல்லைன்னா இது வேண்டாம்.

7 அடி 6 இன்ச், 8 அடி ராடெல்லாம் எனக்கு உடன்பாடே இல்லை. படகு மணிக்கு 60, 70 மைல் வேகத்தில் பாயும்போது உங்க ராடு பின் டெக்கில் ஒரு ஸ்ட்ராப்புக்கு அடியில் கிடக்கும். லாக்கர் முழுக்க அவர் சாமான். குதிக்கிற ஒவ்வொரு அலைக்கும் உங்க ராடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசும். 500 டாலர் கிராஃபைட் ராடு இங்கே 130 டாலர் ராடைவிட அதிக நாள் தாங்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. ராடு ஸ்லீவ் சில டாலர்தான், அதைக் கண்டிப்பா வாங்குங்க. எட்டு ராடை நீட்டிப் பரப்பினா படகுக்காரர் முகம் எப்படி மாறும்னு தனியா எழுதணும். அவரோட எட்டு மணி நேரம் ஒண்ணா இருக்கணும், பாருங்க.

இப்போ காசு. ராடும் ரீலும் சேர்த்து ஜோடி 200 டாலர் பக்கத்தில், ஷிமானோ எஸ்எல்எக்ஸ் மாதிரி நடுத்தர ரகத்தில் நல்ல செட் அமைச்சுடலாம். நாலு செட் 800 டாலர். 50 டாலர் ரகத்துக்கு இறங்க வேண்டாம். அந்த விலையில் வர்ற பெய்ட்காஸ்டரில் ப்ரேக் சரியா செட் ஆகாம நரம்பு சிக்கிக்கிட்டே இருந்தா, சிக்கெடுக்கவே பாதி நாள் போயிடும். அதே சமயம் 200-லிருந்து 600-க்குப் போனா எடை குறையும், உணர்வு கூடும், உண்மைதான். ஆனா முதல் வருஷம் உங்க கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

4,800 டாலரை 24 சதவீத வட்டிக் கார்டில் போட்டு மாசம் 150 டாலர் கட்டினா, முடிய ஏறக்குறைய 52 மாசம் ஆகும். வட்டி மட்டும் சுமார் 2,940 டாலர். நாலு வருஷத்துக்கும் மேல. 800 டாலர் செட்டை ரெண்டு, மூணு மாசம் சேர்த்து ரொக்கமா வாங்கினா மிச்சம் 4,000 டாலர். என்ட்ரி ஃபீஸ், மோட்டல், படகுக்காரருக்குப் பெட்ரோல் பங்கு (கேட்காட்டியும் கொடுங்க, அது மரியாதை) எல்லாம் சேர்த்து ஒரு போட்டிக்கு 300 டாலர்னு வச்சா, அதில் 13 போட்டி போகலாம். 13 வெவ்வேறு படகுக்காரர்கள் பக்கத்தில் நின்னு பார்த்துக் கத்துக்கிறதை எந்தக் கடையும் விக்காது.

"பரிசு விழுந்தா செலவு கழிஞ்சுடும்ல?"ன்னு அடுத்த கேள்வி வரும். அமெரிக்க வரியில் பரிசுப் பணம் வருமானம். 1099 ஃபார்ம் வந்தாலும் வராட்டியும் காட்டணும். ஆனா உங்க மீன்பிடிப்பு ஹாபின்னு ஆனா, ராடு, ரீல் செலவைக் கழிக்க முடியாது. 2018-லிருந்தே அந்தக் கழிவு நிறுத்தப்பட்டாச்சு. பிசினஸ்னு சொல்லணும்னா லாப நோக்கம் இருக்கணும். அஞ்சு வருஷத்தில் மூணு வருஷம் லாபம் காட்டியிருந்தா சட்டம் உங்க பக்கம் சாயும். சம்பளக்காரர் வருஷத்துக்கு நாலு போட்டி போறதை பிசினஸ்னு நிரூபிக்கிறது கஷ்டம். அதாவது 500 டாலர் ஜெயிச்சா அதுக்கு வரி உண்டு, 4,800 டாலர் சாமானுக்குக் கழிவு இல்லை. நான் இந்திய சிஏ. ரிட்டர்ன் போடுறதுக்கு முன்னாடி அங்க ஒரு சிபிஏகிட்ட ஒரு தடவை பேசிடுங்க. ஹெச்-1பியில் இருக்கிறவங்க பரிசுப் பணம் வாங்குறதைப் பத்தி விசா வக்கீல்கிட்டயும் கேட்டுடுங்க.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்தப் போட்டியோட ரூல் புக்கையும் திறந்து, கோ-ஆங்லர் எத்தனை ராடு கொண்டுவரலாம்னு வரம்பு இருக்கான்னு பாருங்க. கார்ட்டை அனுப்பின நண்பருக்கு நான் சொன்னது: மேலே சொன்ன ரெண்டு ஸ்பின்னிங் செட்டை மட்டும் இந்த மாசம் எடுங்க, பெய்ட்காஸ்டர் அடுத்த சம்பளத்தில். மிச்ச ஆறையும் கார்ட்டிலிருந்து தூக்கிடுங்க.