தண்டவாளம் மாறினால் பெட்டியும் மாற வேண்டாமா?

தேவாரத்தில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டு விடும். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் அவை. கையில் சோற்றுத் தூக்கு. மடியில் செல்போன். வீட்டில் இருப்பது ஒரே செல்போன் என்றால், அதுவும் மலை ஏறி விடும்.

கீழே, மனைவி இ-சேவை மையத்தில் நிற்கிறாள். பிள்ளையின் சான்றிதழுக்கு மனு.

"போனுக்கு ரகசிய எண் வந்திருக்கும். சொல்லுங்கக்கா" என்கிறார் மையத்துக்காரர்.

போன்தான் மலையில் இருக்கிறதே! பக்கத்துக் கடைக்காரரின் போனை வாங்கிக் கணவனைக் கூப்பிடுகிறாள். அங்கே சிக்னல் கிடைத்து, அவன் எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் கெடு முடிந்து விடுகிறது. மறுபடியும் முதலில் இருந்து!

நல்ல நாளிலேயே இந்தப் பாடு. அந்த எண்ணே வராமல் போனால்?

2021-ம் ஆண்டு மார்ச் மாதம் 8-ந் தேதி நாடு முழுவதும் அப்படித்தான் ஆயிற்று. பாங்கியில் பணம் அனுப்ப முயன்றவர்கள், ரெயில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தவர்கள், கொரோனா தடுப்பூசிக்குப் பெயர் பதிய வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் செல்போனையே பார்த்தபடி இருந்தார்கள். எண் வரவில்லை.

கம்பி அறுந்து விடவில்லை. கோபுரமும் சாயவில்லை. விதி மாறி இருந்தது. அவ்வளவுதான்!

என்ன விதி?

மோசடிச் செய்திகளையும் விளம்பரத் தொல்லையையும் அடக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான "டிராய்" 2018-ம் ஆண்டு ஜூலையில் புதிய விதிகளை வெளியிட்டது. நல்ல விதிகள்தான். மொத்தமாகச் செய்தி அனுப்பும் பாங்கியும் கம்பெனியும் முதலில் தங்கள் பெயரைப் பதிய வேண்டும். அனுப்பப் போகும் வாசகத்தையும் பதிய வேண்டும்.

பாங்கியில் யாரும் உட்கார்ந்து ஒவ்வொரு செய்தியாகத் தட்டுவது இல்லை. கம்ப்யூட்டர் புரோகிராம் அனுப்புகிறது. அது டெலிபோன் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்க் கதவைத் தட்டும். அந்தக் கதவுக்கு "ஏ.பி.ஐ." என்று பெயர். முன்பெல்லாம், "இந்த நம்பருக்கு இந்தச் செய்தி" என்றால் போதும். புது விதிப்படி, அனுப்புகிறவரின் பதிவு எண்ணையும் வாசகத்தின் பதிவு எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் 19 இலக்கம்! எண் இல்லாவிட்டாலும், வாசகம் பிசகினாலும் செய்தி அங்கேயே நின்று விடும்.

வாசகத்தைப் பதிந்து, புரோகிராமைத் திருத்தி இருந்தால் தீர்ந்தது. பலர் செய்யவில்லை. மறுநாளே டிராய் அந்தச் சோதனையை 7 நாள் நிறுத்தி வைத்தது. பிறகு, திருந்தாத 40 பெரிய நிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டு மார்ச் 31 வரை கெடு கொடுத்தது. பட்டியலில் பெரிய பெரிய பாங்கிகளே இருந்தன!

குரல் எங்கே?

போடி வட்டாரத்துக்கு இது விளங்காத விஷயம் அல்ல. மதுரை-போடி மீட்டர் கேஜ் பாதை 2010-ம் ஆண்டு கடைசியில் மூடப்பட்டது. 1 மீட்டர் அகலத் தண்டவாளத்துக்குச் செய்த பெட்டி, 1.676 மீட்டர் அகலப் பாதையில் ஓடுமா? போடிக்கு மறுபடி ரெயில் வந்தது 2023 ஜூன் 15-ந் தேதிதான். ஆனாலும் ரெயில் இல்லை என்பது ஊருக்குத் தெரியும். ஜனங்கள் பஸ் ஏறினார்கள். செய்தி நின்றபோது, காத்திருந்தவருக்கு யார் சொன்னார்கள்?

அதே 2021-ல், ஜனவரி 15-ந் தேதி இன்னொரு மாற்றம் வந்தது. வீட்டு டெலிபோனில் இருந்து செல்போனைக் கூப்பிட முன்னால் "0" சேர்க்க வேண்டும் என்று உத்தரவு. மறந்து போனவருக்கு என்ன செய்வது? "0 சேர்த்து அழையுங்கள்" என்று ஒரு குரல் சொல்ல வேண்டும் என்றும் அந்த உத்தரவிலேயே இருந்தது. மாற்றம் செய்கிற முறை அதுதான்.

டிராய் மீது மட்டும் பழி போடுவது நியாயம் ஆகாது. இரண்டரை ஆண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. தூங்கியவர்கள் செய்தி அனுப்புகிறவர்கள். புரோகிராம் எழுதியவர் பணத்தை வாங்கிக் கொண்டு வேறு வேலைக்குப் போய் விடுகிறார். பின்னால் வரும் சுற்றறிக்கையைப் படிக்க ஆபீசில் ஆள் இல்லை. ஏலச் செடியை நட்டு விட்டு யாராவது வீட்டில் படுத்துத் தூங்குவார்களா? காய்ந்த தட்டையைக் கழிக்க வேண்டும். மழைக்கு முன் நிழல் மரத்தின் கிளையை வெட்ட வேண்டும். புரோகிராமுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். சம்பளம் கொடுத்துத்தான் வைக்க வேண்டும்.

விதிகள் அதோடு நின்று விடவும் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டிப் பதியாத இணைய முகவரி உள்ள செய்திகளும் தடுக்கப்படுகின்றன. இனியும் மாறும்.

ஆகவே பழைய கதவை மூடும் முன், புதுக் கதவில் யார் யார் வந்து போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வராதவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அப்படியும் ஒரு நாள் எண் வராமல் போனால், இ-சேவை மையத்தில் நிற்கிறவளிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக் கொண்டு அன்றைக்கே மனுவைப் பதிய வேண்டும். செல்போன் வீடு திரும்ப, சாயங்கால ஜீப் வர வேண்டும்.