'டிரைவ் போச்சு' என்பது நோயின் பெயர் அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. மாலைக் காபியோடு நிதானமாகப் படியுங்கள்.

சில மாதங்களாக உங்களில் நான்கைந்து பேர் ஒரே செய்தியை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். "சார், கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவ் போச்சு. கடையில் கேட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கச் சொல்கிறார்கள்" என்று. உறவினர்கள் பக்கமும் இதே புலம்பல்தான். 'சார்' என்ற இடத்தில் 'மாமா', 'சித்தப்பா' என்று மாறும், அவ்வளவுதான். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்து என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

'டிரைவ் போச்சு' என்பது நோயின் பெயர் அல்ல. "உடம்பு சரியில்லை" என்பது போன்ற ஒரு பேச்சு. எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் மருந்து எழுதும் டாக்டரிடம் நீங்கள் போவீர்களா? எதையும் சோதித்துப் பார்க்காமல் "மாத்திடுங்க" என்று சொல்லும் இடத்தில் மட்டும் ஏன் தலையாட்டிவிட்டு வருகிறீர்கள்?

"இந்தக் காலத்தில் யார் சார் சிடி பார்க்கிறார்கள், இதற்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் சிரிக்கலாம். பாட்டுக்கும் படத்துக்கும் யாரும் பார்ப்பதில்லை, சரி. ஆனால் 2000-க்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடம் நம் வீடுகளில் நடந்த கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், பள்ளி ஆண்டு விழா எல்லாம் எங்கே இருக்கின்றன? பீரோவின் மேல்தட்டில், வட்டத் தகடுகளில்தான். அவற்றில் இருக்கும் பலர் இன்று நம்மோடு இல்லை. ஆகவே இது பழைய இயந்திரத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல.

எங்கள் உறவில் ஒரு பெண். அவளுடைய அம்மா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்த அம்மா நலங்கில் பாடிய பாட்டு ஒரே ஒரு சிடியில் இருந்தது. ஒருநாள் அதை டிரைவில் போட்டாள். தட்டு உள்ளே போனது, திரும்ப வெளியே வரவில்லை. கடையில் பழைய டிரைவைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக் கொடுத்தார்கள். உள்ளே தகடு இருக்கிறதா என்று கடையில் யாரும் கேட்கவில்லை. இவளுக்கும் அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஓடிப்போய்க் கேட்டபோது, பழைய சாமான்களோடு அது காயலான் கடைக்குப் போயிருந்தது. ஒரு ஊசி இருந்தால் திறந்திருக்கக்கூடிய தட்டு அது!

அதனால்தான் எழுதுகிறேன். என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு ஆய்வகம் நினைவிருக்கும். கால்வனாமீட்டர் முள் அசையவில்லை என்றதும் "சார், மீட்டர் ரிப்பேர்" என்று ஓடிவருவீர்கள். முதலில் சாவி இறுக்கமாகச் செருகியிருக்கிறதா பார், பிறகு கம்பியின் முனையைச் சுரண்டியிருக்கிறாயா பார், பிறகு மின்கலத்தைப் பார், கடைசியாக மீட்டரைக் குறை சொல் என்பேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்றும் சொல்வேன். டிவிடி டிரைவுக்கும் அதே பாடம்தான்.

முதல் கேள்வி: என்னதான் செய்யவில்லை? தட்டு திறக்கவில்லையா? திறக்கிறது, ஆனால் கணினியில் டிரைவே தெரியவில்லையா? தெரிகிறது, தகட்டை மட்டும் படிக்கவில்லையா? சில தகடுகளைப் படித்துச் சிலவற்றை விட்டுவிடுகிறதா? எல்லாம் படிக்கிறது, வீடியோ மட்டும் ஓடவில்லையா? இவை ஐந்தும் ஐந்து வெவ்வேறு கோளாறுகள். ஐந்துக்கும் 'புது டிரைவ்' என்ற ஒரே மருந்து பொருந்தாது.

தட்டு திறக்காவிட்டால்: டிரைவின் முகப்பில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். கணினியை அணைத்துவிட்டு, ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி அந்தத் துளையில் நேராக உள்ளே தள்ளுங்கள். தட்டு சற்று வெளியே வரும். பிறகு கையால் மெல்ல இழுக்கலாம். மேசைக் கணினி டிரைவ்கள் பலவற்றில் தட்டை நகர்த்துவது ஒரு சின்ன ரப்பர் வளையம்தான். வயதானால் அது தளர்ந்து வழுக்கும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், தட்டு அசையாது. மாற்ற வேண்டியது அந்த வளையத்தைத்தான்.

டிரைவே தெரியாவிட்டால்: மேசைக் கணினியில் டிரைவின் பின்னால் இரண்டு இணைப்புகள் உண்டு. ஒன்று மின்சாரத்துக்கு, மற்றது தகவலுக்கு. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து, இரண்டையும் கழற்றித் திரும்ப இறுக்கிச் செருகுங்கள். தட்டும் திறக்காமல் விளக்கும் எரியாமல் இருந்தால் மின்சாரமே போகவில்லை என்று பொருள். தட்டு திறக்கிறது, ஆனால் கணினிக்குத் தெரியவில்லை என்றால் தகவல் கம்பியைச் சந்தேகப்படுங்கள். கம்பி சரியாக இருந்தால், கணினி உயிர்பெறும்போதே பயாஸ் திரையில் டிரைவின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அங்கே வந்து விண்டோஸில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மென்பொருளில். டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவின் பெயரைத் தேடி அன்இன்ஸ்டால் கொடுத்துவிட்டுக் கணினியை மறுபடி இயக்குங்கள். பயப்பட வேண்டாம், விண்டோஸ் அதைத் தானே கண்டுபிடித்துத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் என்றால், மின்சாரம் போதாமல்கூடத் திணறும். நடுவில் ஹப் எதுவும் இல்லாமல், மேசைக் கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகிப் பாருங்கள்.

தகட்டைப் படிக்காவிட்டால்: இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். குற்றவாளி டிரைவா, தகடா? கடையில் வாங்கிய பழைய படச் சிடி ஏதாவது இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் டிரைவுக்கு உயிர் இருக்கிறது. அடுத்து, ஓடாத தகட்டை வேறு ஒரு கணினியில் போட்டுப் பாருங்கள். இரண்டே சோதனைகள், விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். லேப்டாப்பில் இன்னொன்றையும் கவனியுங்கள். தகட்டை நடுக்குமிழில் வைத்து 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். சும்மா மேலே வைத்து மூடினால் அது சரியாகச் சுழலாது.

தகட்டைத் துடைக்கும் முறையையும் சொல்கிறேன். தகவல் பாதை நடுவிலிருந்து தொடங்கி, கொசுவர்த்திச் சுருள்போல வெளியே சுற்றிக்கொண்டு போகிறது. அதனால் வட்டமாகத் துடைக்காதீர்கள். துணியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் பாதையின் நீளத்துக்கே கீறிவிடும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். குறுக்கே விழும் கீறலில் ஒரு சுற்றுக்குச் சிறு துளிதான் கெடும். அதைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும் பிழைதிருத்தம் சிடியிலேயே அமைந்திருக்கிறது. பாதையில் சுமார் 2.5 மில்லிமீட்டர் தொடர்ந்து அழிந்தாலும் அது சமாளித்துவிடும். பற்பசை தேய்க்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று: சிடியில் தகவல் இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் என்று நினைக்கிறோம். அது பெயர் எழுதும் மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. நடுவில் மெல்லிய பூச்சு மட்டும். ஆகவே பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதாதீர்கள்.

சிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை (அல்லது நேர்மாறாக) என்றால்: டிவிடி டிரைவில் இரண்டு லேசர்கள் உண்டு. சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. ஒன்று தேய்ந்து மற்றது நன்றாக இருக்க முடியும். ஆனால் லேசரைக் குறை சொல்லும் முன் லென்ஸின் மேல் தூசி இருக்கிறதா பாருங்கள். ஊதுவத்திப் புகையும் சமையலறை எண்ணெய்ப் புகையும் படிகிற வீடுகள் நம்முடையவை. போட்டோக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும். ஒரு எச்சரிக்கை: மின்சாரம் ஓடும்போது டிரைவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல்.

வீடியோ மட்டும் ஓடாவிட்டால்: விண்டோஸ் 10 வந்தபிறகு டிவிடி வீடியோவை ஓட்டும் வசதி அதோடு சேர்ந்து வருவதில்லை. டிரைவும் சரி, தகடும் சரி, ஓட்டும் மென்பொருள்தான் இல்லை. விஎல்சி பிளேயரை இலவசமாக இறக்கிக்கொண்டால் போதும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: கடையில் விற்ற படத் தகடுகளுக்கு வட்டார எண் உண்டு. இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1. டிரைவில் இதை ஐந்து முறைதான் மாற்ற முடியும், பிறகு பூட்டிக்கொள்ளும். நம் கல்யாண வீடியோவுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் பார்த்தபிறகும் ஓடவில்லையா? சரி, டிரைவ் போய்விட்டது. இப்போது சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். லேசர் தேய்வது உண்மைதான், அதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. யுஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒன்று என்று வாங்க வேண்டியதில்லை, ஒரு குடும்ப வட்டத்துக்கு ஒன்று போதும். பழையதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் தட்டைத் திறந்து பாருங்கள்!

"இத்தனை சோதனைக்குப் பதில் நேராகப் புதியதை வாங்கினால் நேரம் மிச்சம்தானே?" என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. பணத்தைப் பற்றி மட்டும் என்றால் நானும் விட்டுவிடுவேன். ஆனால் என்ன நடக்கிறது தெரியுமா? புது டிரைவ் வாங்குகிறீர்கள். அதிலும் அந்தத் தகடு ஓடவில்லை. "அப்படியானால் சிடிதான் போச்சு" என்று தகட்டைத் தூக்கி எறிகிறீர்கள். அது வெறும் அழுக்காக இருந்திருக்கலாம், விஎல்சி இல்லாததாக இருந்திருக்கலாம். ஒரு டிரைவில் திணறும் தகடு இன்னொரு டிரைவில் ஓடுவதும் சாதாரணம். தவறான முடிவின் விலை டிரைவின் விலை அல்ல. டிரைவைக் கடையில் வாங்கலாம், அந்தத் தகட்டில் இருப்பதை எந்தக் கடையில் வாங்குவது?

அதனால் டிரைவ் சரியான அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நாம் வீட்டில் பதிவு செய்த தகடுகளில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் பட்டால் சாயம் மங்கும். கடையில் விற்ற படச் சிடிகள் அச்சில் அழுத்தியவை, அவை அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. நமக்கு வேண்டியவையோ சாயத்தில் இருப்பவை. புதிய லேப்டாப்புகளில் டிரைவே வருவதில்லை. தகடும் கெட்டுக்கொண்டிருக்கிறது, படிக்கும் கருவியும் குறைந்துகொண்டிருக்கிறது.

வழி எளிது. பழைய வீடியோ சிடியில் 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறைக்குள் 'டாட்' என்று முடியும் கோப்புகள் இருக்கும். டிவிடியில் 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறை இருக்கும். அதை முழுதாகக் கணினிக்கு நகல் எடுங்கள். பாதியில் நின்றால் மனம் தளராமல் தகட்டைத் துடைத்துவிட்டு, வேறு டிரைவில் முயலுங்கள். நகல் ஓடுகிறதா என்று தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு நகல் கணினியில், இன்னொன்று தனி ஹார்டு டிஸ்கில் அல்லது வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டில். ஒரே இடத்தில் இருப்பது நகல் அல்ல.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை பீரோ மேல்தட்டை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஓடாதவற்றைத் தனியாக வையுங்கள், எறியாதீர்கள். என்னிடம் ஓடும் டிரைவ்கள் இரண்டு இருக்கின்றன, ஓய்வு பெற்றவனுக்கு நேரமும் இருக்கிறது. கொண்டுவாருங்கள், பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு: மாற்றிக் கொடுப்பது உங்கள் பிழைப்பு, அதைக் குறை சொல்லவில்லை. பழைய டிரைவைக் கழற்றியதும் தட்டைத் திறந்து, உள்ளே இருப்பதை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அரை நிமிட வேலைதான் தம்பிகளா.

உங்கள் வீட்டில் எந்தக் கோளாறு, எந்தப் படியில் தீர்ந்தது என்று கீழே எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்