களவு போனால் ஈடு கட்டுவது யார்?

கேரளத்துப் பாறசாலையிலிருந்து தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் பேருந்தில் போகிறவருக்கு மாநிலம் மாறியது பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் அதுவும் தெரியாது. காரக்கோணம், பளுகல், பனச்சமூடு, ஊரம்பு பக்கமெல்லாம் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். கொடுக்கல் வாங்கல், கல்யாணம், சந்தை எதுவும் எல்லைக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. பகலில் எல்லோரும் மறந்துபோகிற அந்தக் கோட்டை இரவில் நினைவு வைத்திருப்பவர் திருடர் மட்டுமே.

கிணற்றடி மோட்டாரைக் கழற்ற ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் நேரமும் போதும். மோட்டார் கனமென்றால் அதை விட்டுவிட்டு வயரை மட்டும் அறுத்துக்கொண்டு போவார்கள். ஏதாவது ஓடைப் பள்ளத்தில் போட்டுக் கொளுத்தினால் மேலுறை கருகி, செம்புக் கம்பி தனியே வந்துவிடும். விடிகிற நேரத்தில் பிளாஸ்டிக் கருகிய நாற்றம் வந்தால் அக்கம்பக்கத்தில் யாருக்கோ இழப்பு என்று தெரிந்துகொள்ளலாம். கருகிய கம்பியில் யார் பெயரும் எழுதியிருக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆக்ரிக் கடை, இந்தப் பக்கம் பழைய இரும்புக் கடை. எடை போட்டால் சில நூறு ரூபாய். பறிகொடுத்தவருக்கோ புது வயர், எலெக்ட்ரீஷியன் கூலி, அதற்குள் பங்குனி வெயிலில் வாடிப்போகும் வாழை. திருடனின் லாபத்துக்கும் விவசாயியின் நஷ்டத்துக்கும் இவ்வளவு இடைவெளி உள்ள களவு வேறு இல்லை.

இந்தக் கோட்டுக்கு வயது அதிகமில்லை. 1956 நவம்பர் 1 வரை நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே அரசின் பக்கத்துப் பக்கத்துத் தாலுகாக்கள். தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது; 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது; மாநிலச் சீரமைப்புக்கான பசல் அலி கமிஷன் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோட்டைச் சென்னை மாநிலத்துக்குக் கொடுக்கச் சொன்னது, நெய்யாற்றின்கரையைக் கொடுக்கச் சொல்லவில்லை. மொழி, நிலம், தண்ணீர் பற்றியெல்லாம் அன்று பேசினார்கள். ஒரு ஆட்டைத் தேடிப் போகும் ஏட்டு எந்தத் தோப்போடு நின்றுவிட வேண்டும் என்பதைப் பற்றி யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. பெரிய அரசியல் அப்படித்தான், ஆட்டைக் கணக்கில் எடுக்காது.

எல்லை வருவதற்கு வெகுகாலம் முன்பே களவும் காவலும் இருந்தன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. ஒரு வீரனுக்கு எடுத்த கல். அவன் காலடியில் ஒரு நாய். கோவிவன் என்று அதன் பெயரையும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் ஒரு தொறுவை, அதாவது மாட்டு மந்தையைக் காத்த நாய்க்குக் கிடைத்த மரியாதை இது. இன்று திருடனைத் துரத்திக் கைகால் உடைந்தவருக்கு மருத்துவமனைச் சீட்டுக்கு மேல் என்ன கிடைக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

பிற்காலத்துப் பாண்டிச் சீமையில் காவல் ஓர் ஒப்பந்தமாகவே நடந்தது. ஊர்க் காவலுக்கு ஸ்தலக் காவல், சுற்றுவட்டாரத்துக்குத் தேசக் காவல். காவல்காரருக்கு அறுவடையில் பங்கு உண்டு, மற்ற வருமானத்திலும் கூலி உண்டு. பதிலுக்கு, களவு போன மாட்டை அவர் மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் கைக்காசிலிருந்து ஈடு கட்ட வேண்டும். கூலி வாங்கியவன் நஷ்டத்துக்கும் பொறுப்பு என்பதே அதன் உயிர்நாடி. இதன் அழுகலும் ஊரறிந்தது. துப்புக்கூலி என்று ஒன்று வந்தது: மாடு எங்கே கட்டிக் கிடக்கிறது என்று சொல்வதற்கு ஒரு தொகை. காவல் கூலி கொடுக்க மறுத்தவன் மாடே முதலில் காணாமல் போகும். பொறுமை இழந்த குடியானவர்கள் 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கம் கள்ளர் காவலுக்கு எதிராகத் திரண்டார்கள், ‘பண்டு’ என்று பொது நிதி சேர்த்தார்கள். அதனால்தான் மக்கள் வாயில் அது பண்டுக் கலகம்.

வெள்ளைக்கார அரசு காவல் முறையைச் சட்டத்தால் ஒழித்து, அந்த இடத்தில் போலீஸை வைத்தது. கூலி வரியாக மாறியது. ஈடு கட்டும் கடமை மட்டும் யாருக்கும் தெரியாமல் கழன்று விழுந்தது. போலீஸ் கண்டுபிடித்தால் பொருள் கிடைக்கும், கண்டுபிடிக்காவிட்டால் அவரவர் தலைவிதி. அதைவிடக் கொடுமை குற்றப்பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கே பிறந்து, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஒருவனைத் திருடன் என்று பதிவேட்டில் ஏற்றி, ரேகை வாங்கி, இரவில் நிலையத்தில் படுக்க வைத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. இந்த மாகாணத்தில் அந்தச் சட்டம் போக 1947 ஆனது.

பழங்கதை இது என்று தள்ள முடியவில்லை. எல்லையூர்களில் ஒரு மோட்டார் போனால் முதலில் எழும் பேச்சைக் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் ‘கேரளாக்காரன்’, அந்தப் பக்கத்தில் ‘பாண்டிக்காரன்’, இரண்டு பக்கமும் சேர்ந்து ‘பெங்காலி’. ரப்பர் பால்வெட்டுக்கும் கட்டட வேலைக்கும் வந்த தொழிலாளிமேல் விழும் அந்த விரலில் 1911இன் அழுக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது.

நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்குப் பாண்டிச் சீமைக் காவல் பொருந்தியும் இருக்காது. அங்கே ஊர் என்பது ஒட்டி ஒட்டிக் கட்டிய தெரு அல்ல. ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள், தோட்டத்துக்குள் தனியே நிற்கும். அந்த விளைகளைக் காத்தவை வேலை செய்யும் கண்கள். விடியுமுன் பனையேறியவர் உச்சியிலிருந்து நாலு விளையைப் பார்த்தார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அதிகாலையில் பால்வெட்டப் போனவர் மரத்துக்கு மரம் நடந்தார். பனையேற்றம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. விலை இல்லாத வருடங்களில் ரப்பரும் வெட்டப்படாமல் நின்றது. பிள்ளைகள் வளைகுடாவில், 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்து வீடுகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காலி. வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகக் கேரள போலீஸ் தன் கைபேசிச் செயலியில் வசதி செய்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் அது வீட்டுக்கு. கிணற்றடிக்கும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்கும் யார் சொல்லிவிட்டுப் போவது?

கேமரா வைப்பவர்கள் வைக்கட்டும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வருபவனின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைத் தவிர அதனால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. நாம் பார்க்க வேண்டியது வாங்குகிறவனை. இதற்கு ரப்பரே சாட்சி. நாலாம் தர ஷீட் 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயைத் தொட்டது, 2016 தொடக்கத்தில் நூறுக்குக் கீழே விழுந்தது, 2024 ஆகஸ்டில் மறுபடி 240ஐத் தாண்டியது. விலை ஏறினால் கொடியில் காயும் ஷீட்டை இருட்டுமுன் உள்ளே எடுத்து வைப்பார்கள், சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலைக்கூட எண்ணிப் பார்ப்பார்கள். களவு விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டே நடக்கிறது. ஆனாலும் ரப்பருக்கு ஒரு கடிவாளம் உண்டு: 1947 ரப்பர் சட்டப்படி வியாபாரிக்கு ரப்பர் வாரிய உரிமம் வேண்டும், வாங்கியது விற்றதற்குக் கணக்கு வைக்க வேண்டும். நடைமுறையில் ஓட்டை இருக்கலாம், கேட்பதற்காவது ஒரு பேரேடு இருக்கிறது. செம்புக்கு அப்படியொரு வாரியம் கிடையாது.

இங்கிலாந்தில் ரயில்வே வயரும் தேவாலயக் கூரை ஈயமும் களவு போய்ப் போய்ச் சலித்தபின், பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதையே தடை செய்தார்கள். 2013 சட்டம் வியாபாரிக்கு உரிமத்தையும் விற்பவரின் அடையாளப் பதிவையும் கட்டாயமாக்கியது. களவு குறைந்தது. செம்பு விலை இறங்கியதும் உடன் காரணம் என்று அங்கே சொல்கிறார்கள், ஏற்கலாம். ஆனாலும் ஆதார் இல்லாமல் சிம் கார்டு வாங்கவே திணறும் நாட்டில், கருகிய செம்புக் கம்பியைப் பெயர் கேட்காமல் வாங்கலாம் என்பது எந்த ஊர் நியாயம்? களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சம்ஹிதையின் 317ஆம் பிரிவு சொல்கிறது. ‘தெரியாது’ என்ற சொல்லுக்குள்தான் கடைக்காரர் ஒளிந்துகொள்கிறார். பேரேடு கட்டாயமானால் அந்த மறைவிடம் பாதி போய்விடும்.

ஈட்டுக்கு வருவோம். அதே சட்டத்தின் 303ஆம் பிரிவு, 5,000 ரூபாய்க்குக் குறைந்த களவில் முதல்முறை அகப்பட்டவன் பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்தால் சமூகசேவையே தண்டனை என்கிறது. பழைய காவலின் சாயல் இதில் தெரிகிறது. ஆனால் வாடிய வாழைக்கு இதில் கணக்கில்லை. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களிடம் விவசாயப் பம்ப்செட்டுக்கென்றே பாலிசி உண்டு, திருட்டும் அதில் அடங்கும். கூலி வாங்கியவனே ஈடு கட்டும் பழைய ஏற்பாட்டுக்கு இன்று மிஞ்சியிருக்கும் வாரிசு அதுதான். கூட்டுறவு வங்கியில் மோட்டாருக்குக் கடன் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துப் போட்டுவிடலாம்.

இழப்பீடு கேட்கப் போலீஸ் காகிதம் வேண்டும், அங்கே கோடு மறுபடி குறுக்கே வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 173ஆம் பிரிவின்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமானால், அது எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்று பளுகல் நிலையமோ பாறசாலை நிலையமோ இனித் திருப்பி அனுப்ப முடியாது. பாறசாலையில் மலையாளத்தில் எழுதிய எஃப்.ஐ.ஆர். பளுகலுக்குப் போனால் அங்கே படிக்க ஆள் வேண்டும், தமிழில் எழுதியது பாறசாலைக்குப் போனாலும் அப்படியே. இரண்டு எழுத்தும் தெரிந்தவர்களுக்கு இந்த ஊர்களில் பஞ்சமில்லை. திருவனந்தபுரம் ஊரகக் காவல் துறையும் கன்னியாகுமரி மாவட்டக் காவல் துறையும் எல்லை நிலையம் ஒவ்வொன்றிலும் அப்படி ஒருவரை உட்கார வைத்து, இரண்டு பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளின் பட்டியலையும் அவர் மேசையில் வைக்கட்டும்.