எழுபது உள்ளே, எழுபது வெளியே!

"சரக்கு உள்ளே போனா உண்மை வெளியே வரும்" என்று நம்புகிற கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. ஹீப்ரு பேசுகிறவர்கள் ஒரு படி மேலே போய் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஹீப்ருவில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. மதுவுக்கு 'யாயின்': 10+10+50 = 70. ரகசியத்துக்கு 'ஸோத்': 60+6+4 = 70. ஆக, எழுபது உள்ளே போனால் எழுபது வெளியே வந்தாகணும். பேலன்ஸ் ஷீட் டேலி! யூதர்களின் தால்முத்தில், எருவின் என்ற பகுதியில் இருக்கும் இந்த வார்த்தை விளையாட்டு இன்றும் பழமொழியாகப் புழங்குகிறது.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு.

அதே தால்முத்தில் மெகில்லா பகுதியைப் பாருங்கள். பூரிம் பண்டிகையன்று ஆமானைச் சபிப்பதற்கும் மொர்தெகாயை வாழ்த்துவதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகிற வரை குடிக்கச் சொல்கிறது. ஒருவன் யூதர்களை அழிக்கப் பார்த்தவன், இன்னொருவன் காப்பாற்றியவன். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாபத்துக்கும் வாழ்த்துக்கும் எழுத்துக் கூட்டுத்தொகை ஒன்றே: 502! கூட்டல் ஒன்றானால் பொருளும் ஒன்றாகிவிடுமா? வில்லனையும் ஹீரோவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத வாயிலிருந்து எந்த உண்மை வரப்போகிறது?

அடுத்த கதை, "ரெண்டு ரவுண்டு போனா புது மொழி சரளமா வரும்" என்பது. இதற்கு ஆய்வையே காட்டுவார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் டச்சு கற்றிருந்த 50 ஜெர்மானியர்களை வைத்து நடந்தது. கொஞ்சம் குடித்தவர்களின் டச்சு உச்சரிப்பு, கேட்டவர்கள் காதுக்கு நன்றாகவே பட்டது. 2025ல் இக் நோபல் பரிசும் வாங்கியது. சரி, ஊற்றியது எவ்வளவு? 70 கிலோ ஆணுக்கு 460 மில்லி பீர் அளவு. குடித்தவர்களோ ஏற்கெனவே டச்சு படித்தவர்கள்! கூச்சம் விலகியிருக்கலாம், மொழி எங்கிருந்தும் வந்து குதிக்கவில்லை. ஹீப்ருவில் 'நீ' என்று சொல்லவே ஆணுக்கு 'அத்தா', பெண்ணுக்கு 'அத்'. வினைச்சொல்லுக்கு ஏழு வார்ப்புகள். இதில் எதையும் பாட்டிலில் அடைத்து விற்பதில்லை.

உண்மை விஷயமும் இப்படித்தான். போதை கழற்றுவது பிரேக்கை மட்டும். பிரேக் போன வண்டியில் ரகசியமும் வரும், பீற்றலும் வரும், பொய்யும் வரும், வெறும் ஆத்திரமும் வரும். எது எது என்று குடித்தவனுக்கே தெரியாது. அதைக் கேட்டுவிட்டு "அவன் மனசுல இருந்தது வந்துருச்சு" என்று நட்பை முறிப்பவன் அவசரக்காரன்.

அதற்காக, வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு "நான் பேசல மச்சி, சரக்கு பேசுச்சு" என்பவனையும் விட்டுவிடக் கூடாது. அந்த எழுபது கணக்கு இருக்கிற அதே எருவின் பகுதி என்ன சொல்கிறது? குடித்தவன் வாங்கினால் வாங்கியதுதான், விற்றால் விற்றதுதான். லோத்து போலச் சுத்தமாக நினைவு தப்பினால்தான் விலக்கு. நம் ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 12ம் ஷரத்தே புரியாத அளவு போதையில் இருப்பவனுக்குத்தான் விலக்குத் தருகிறது. பி.காம். பசங்களுக்கு இது பரீட்சையில் வரும்!

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். பேசியவனுக்குப் போகலாம், கேட்டவனுக்குப் போகாது. சொன்னது நிஜம்தானா என்று மறுநாள் தெளிந்த பிறகு கேளுங்கள். நிஜமென்றால் சொல்லட்டும், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்கட்டும். இரண்டுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.